வெயில் படாத சோலார்

13 ஆகஸ்ட் 2000, ஞாயிறு

இன்றைக்கும் இல்லை. பிஷப்புக்கு உடம்பு சரியில்லையாம், பிரதிஷ்டை ஆராதனையைத் தள்ளி வைத்துவிட்டார்கள். அப்பா மைக் முன்னால் நின்று, ஏதோ ராஜாவின் பட்டாபிஷேகம் தள்ளிப் போனது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அறிவித்தார். நான் பாட்டுப் புத்தகத்தை மூடிய சத்தம் மூன்று வரிசைக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

எரிச்சலில் எழுதியதில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முதலிலிருந்து எழுதுகிறேன். ஜூன் மாதம் ஜெர்மனியிலிருந்து ஒரு தம்பதி எங்கள் சர்ச்சைப் பார்க்க வந்தார்கள். சர்ச் ஹாலின் பின்னறையில் நான் ஆறு பெண்களுக்கு டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுப்பதையும் எட்டிப் பார்த்தார்கள். ஹாலில் வயரிங் எரிந்ததிலிருந்து கரண்ட் இல்லை. சரி செய்வதைப் பற்றி கமிட்டி பேசிக்கொண்டே இருக்கிறது. அந்த வெள்ளைக்கார அம்மா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "இவ்வளவு வெயிலை வைத்துக்கொண்டு கரண்ட் இல்லை என்கிறீர்களே" என்று சிரித்தார். அடுத்த மாதமே வந்து இறங்கியது. ஒரு பழைய லேப்டாப், ஒரு ஆள் உயரத்துக்கு சோலார் பேனல், ஒரு பேட்டரி, பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வெர்ட்டர். பெண்கள் வகுப்புக்கு, முற்றத்தில் வைத்து உபயோகிக்கவும் என்று பெட்டி மேலேயே எழுதியிருந்தது.

எங்கே வைத்து உபயோகிப்பது? எல்லாம் வெஸ்ட்ரியில், பாஸ்டர் அங்கி மாற்றுகிற அறையில், அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. சாவி அப்பாவின் இடுப்பில். சர்ச் செக்ரட்டரி ஆபிரகாம் என்றால் இந்தத் தங்கச் சுரங்க ஊர் மைசூர் மைன்ஸ் முழுக்கத் தெரியும். அவர் மகள் ஐடா அந்தச் சாவிக்காக அலைவதும் தெரியும்.

"கிளாஸுக்கு வந்த சாமான்ப்பா அது."

"சர்ச்சு விலாசத்துக்கு வந்தா ஆண்டவரோட சாமான். பிரதிஷ்டை ஆவாம ஒருத்தரும் தொடக் கூடாது."

எங்கள் சர்ச்சில் பெஞ்சுக்குப் பிரதிஷ்டை உண்டு. சுவர்க் கடிகாரத்துக்கு உண்டு. யார் கொடுத்தார், யார் ஜெபித்தார் என்று அடியில் எழுதியிருக்கும். கடிகாரம் நின்று போய் எத்தனையோ வருஷம் ஆகிறது, எழுத்து மட்டும் பளபளவென்று இருக்கிறது.

20 ஆகஸ்ட்

அம்மா பேனலுக்கு உறை தைக்கிறாள். கருஞ்சிவப்பு வெல்வெட், ஓரத்தில் தங்க லேஸ். கமிட்டி தீர்மானமாம். "வெயில் பட்டா வெளுத்துப் போயிடும்னு அப்பா சொன்னாரு" என்கிறாள்.

வெயில் பட்டால்! சோலார் பேனலுக்கு!

சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா?

3 செப்டம்பர்

பெட்டியைப் பிரித்த அன்று பேட்டரியோடு வந்த சின்னப் புத்தகத்தைக் கையோடு எடுத்து வந்துவிட்டேன். இன்று சும்மா புரட்டினேன். இரண்டாம் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது: உபயோகிக்காமல் வைத்திருந்தாலும் மாதம் ஒரு முறை கட்டாயம் சார்ஜ் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி கெட்டுவிடும்.

ஷிப்ட் முடிந்து அப்பா வந்து காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு அந்தப் பக்கத்தை நீட்டினேன். வாங்கக்கூட இல்லை.

"இருபத்தேழு வருசமா லேம்ப் ரூம் மேஸ்திரி நானு. அண்டர்கிரவுண்டு போற அத்தினி பேர் தலையில கீற லேம்ப்புக்கும் பேட்டரி பாக்கறவன். எனக்கு நீ புக்கு படிச்சிக் காட்றியா?"

"ஒரு வாட்டி வெளிய வெச்சி சார்ஜ் ஏத்திட்டு உள்ள வெச்சிடலாம்ப்பா. யாரும் பாக்க மாட்டாங்க."

"ரேக்ல வெச்ச லேம்ப்பு எப்பனா செத்துப் போய் நீ பாத்துகிறியா? ஆளு லீவுல ஊருக்குப் போயி ரெண்டு மாசம் கழிச்சி வருவான். அவன் லேம்ப்பு ரேக்ல அப்படியே உசுரோட இருக்கும். பேட்டரின்றது பத்திரமா வெச்சா கெடாது. போ, போயி வேலையப் பாரு."

வேலையைத்தான் பார்க்க விடமாட்டேன் என்கிறாயே என்று வாய் வரை வந்தது. அம்மா கண்ணால் கெஞ்சினாள், விழுங்கிவிட்டேன்.

8 அக்டோபர்

பிஷப்புக்கு வேறு ஊரில் கூட்டம். மறுபடி தள்ளிப் போனது.

15 அக்டோபர்

இப்போது சண்டை கல்லைப் பற்றி. "சூரிய மின்கருவி பிரதிஷ்டை" என்று ஒரு மார்பிள் கல். அதில் பிஷப் பெயர், பாஸ்டர் பெயர், செக்ரட்டரி ஆபிரகாம், ட்ரெஷரர் ஜெயகரன். ஆகஸ்ட் தேதியைச் செதுக்கியாகிவிட்டது. அதைச் சுரண்டி அக்டோபர் தேதியைச் செதுக்கினார்கள். இன்று அதையும் சுரண்டினார்கள். தேதி இருக்கிற இடத்தில் கல் குழி விழுந்துவிட்டது. ஜெயகரனுக்கு அது பெரிதில்லை. தன் பெயர் எழுத்து அப்பாவின் பெயர் எழுத்தை விடச் சின்னதாக இருக்கிறதாம். ஸ்கேல் வைத்து அளந்து காட்டினார். பக்கத்து பேக்டரியில் பெரிய குமாஸ்தா என்று பெயர், செய்கிற வேலை இது.

அந்தக் கொடையைக் கொடுத்தவர்கள் பெயர் கல்லில் எங்கே என்று கேட்டேன். இடம் இல்லையாம்.

24 டிசம்பர்

கிறிஸ்துமஸ் வேலையில் யாருக்கும் நேரமில்லை. வெஸ்ட்ரியைக் கூட்டும்போது அலமாரியைத் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் வெல்வெட் தெரிந்தது. உள்ளே என்னவோ பிணம் கிடப்பது போல இருந்தது.

11 ஜனவரி 2001

டெஸ்ட் தேதி வந்துவிட்டது! பெங்களூரில் ஒரு கம்பெனி, டாக்டர்கள் டேப்பில் பேசியதைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் அடிக்கும் வேலை. போன மாதம் என் பெண்கள் ஆறு பேரும் விண்ணப்பம் போட்டிருந்தார்கள், ஆறு பேரையும் டெஸ்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மார்ச் ஐந்தாம் தேதி. எனக்கு வயது தாண்டிவிட்டது, இருபத்தைந்துக்கு மேல் வேண்டாம் என்று போட்டிருக்கிறார்கள். முப்பத்தொன்றில் கை நடுங்கிவிடுமாக்கும்.

டெஸ்ட் கம்ப்யூட்டரில். ஆறு பேரில் ஒருத்திகூடக் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. வேகம் இருக்கிறது, இங்கிலீஷ் இருக்கிறது. பல்லவி கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள். ஆனால் பொத்தானை எங்கே அமுக்கி ஆன் செய்வது என்று தெரியாது. ராபர்ட்சன்பேட்டை கம்ப்யூட்டர் இன்ஸ்டிட்யூட்டில் சேர யாருக்கும் வசதி இல்லை. அடுத்த மாதக் கடைசியோடு மைன்ஸை மூடப் போகிறார்கள். லவினாவின் அப்பா, பல்லவியின் அப்பா, எல்லார் அப்பாவும் வீட்டில் உட்காரப் போகிறார்கள். இந்த வீடுகளில் இனிமேல் யார் அடுப்பெரிய வைப்பது? இந்தப் பெண்கள்தான்.

ஹாலிலிருந்து அம்பது அடி தூரத்தில் பூட்டிய அலமாரிக்குள் ஒரு லேப்டாப் தூங்குகிறது.

12 ஜனவரி

இன்று கெஞ்சவில்லை, கத்தினேன். வீட்டு வாசலில் நின்று கத்தினேன், குடியிருப்பு லைன் முழுக்கக் கேட்டது. "உன் சாவிய நீயே வெச்சிக்கினு அழு! ஆறு வூட்டு சோத்துல மண்ணப் போட்டுட்டு இன்னாப்பா பிரதிஷ்டை?" அப்பா அடிக்கக் கை ஓங்கிவிட்டார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு சொன்னார், பிப்ரவரி பதினெட்டு பிஷப் நிச்சயம் வருகிறார், பிரதிஷ்டை முடிந்த மறுநாளே சாவி தருகிறேன் என்று.

பதினெட்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் இரண்டு வாரம். போதுமா? போதாது. ஆனால் இருக்கிறது.

11 பிப்ரவரி

பாவிகள். கண்ணாடிப் பெட்டி செய்யக் கொடுத்திருக்கிறார்கள்! பிரதிஷ்டைக்குப் பிறகு எல்லாவற்றையும் அதற்குள் வைத்து சர்ச் வாசலில், வருகிறவர்கள் பார்க்கிற மாதிரி நிறுத்தப் போகிறார்களாம். ஜெயகரன் எடுத்த தீர்மானம், அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"சாவி தரேன்னு சொன்னியேப்பா?"

"கமிட்டி முடிவும்மா. நான் ஒருத்தன் இன்னா பண்றது?"

அந்த வார்த்தை எனக்கு வாழ்நாளுக்கும் மறக்காது.

18 பிப்ரவரி, ஞாயிறு

எப்படி எழுதுவேன்.

முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பிஷப்புக்கு வெயில் ஆகாது என்று. மேஜை மேல் வெல்வெட் உறையோடு பேனல், பக்கத்தில் லேப்டாப், கீழே பேட்டரி. சோலார் பேனலுக்கு நிழல் பந்தல்! பாடகர் குழு பாடி முடித்தது. பிஷப் உறையை நீக்கினார், கைதட்டினார்கள். ஜெபித்தார். ஜெயகரன் இன்வெர்ட்டர் சுவிட்சைக் காட்டினார், பிஷப் அமுக்கினார்.

கீச் என்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு. அவ்வளவுதான். மறுபடி அமுக்கினார். கீச். அப்புறம் அந்தக் கீச்சும் இல்லை.

"கரண்டு போயிடுச்சு போலக்குதுங்க ஐயா" என்றார் ஜெயகரன். நிஜமாகவே அப்படிச் சொன்னார். கரண்ட் இல்லாத இடத்துக்கென்று வந்த சாமானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு!

பிஷப் நல்ல மனிதர், மெல்லக் கேட்டார், "இதை வெயிலில் அல்லவா வைக்க வேண்டும்?" நான்கு பேர் மேஜையைத் தூக்கி வெயிலில் வைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. பேட்டரி செத்துக் கிடந்தது. அது எனக்குத் தெரியும். மாதா மாதம் தெரியும். பிஷப் ஒரு சின்ன ஜெபத்தோடு முடித்துக்கொண்டார், எல்லாரும் பிரியாணிக்குப் போனார்கள்.

என் பெண்கள் ஆறு பேரும் ஹால் படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். புது உடுப்பு. பல்லவி கேட்டாள், "மிஸ், நாளைக்கு நம்ம கிளாஸ் உண்டா?" நான் எழுந்து வந்துவிட்டேன். அப்பா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்க்கவே பிடிக்கவில்லை.

19 பிப்ரவரி

அப்பா ஷிப்டிலிருந்து நேராக சர்ச்சுக்கு வந்தார். சட்டைக்குள்ளிருந்து ஹைட்ரோமீட்டரை எடுத்தார், பேட்டரித் தண்ணியை உறிஞ்சிப் பார்க்கிற கண்ணாடிக் குழாய். மூடிகளைத் திறந்து ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் மிதவை அடியிலேயே கிடந்தது, துளி சார்ஜ் இல்லை. கடைசி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம ரேக்ல கரண்டு கீதும்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. லேம்ப் ரூமில் லேம்ப்பை மாட்டுகிற ரேக்கே சார்ஜ் ஏற்றுகிற ரேக். மாட்டிய நிமிஷத்திலிருந்து அதில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ரேக்கில் வைத்த லேம்ப் சாவதில்லை என்று இவர் இருபத்தேழு வருஷமாகப் பார்த்தது நிஜம்தான். வெஸ்ட்ரி அலமாரியும் ரேக் என்று நினைத்துவிட்டார். மரப்பலகையும் வெல்வெட்டும் சார்ஜ் ஏற்றுமா?

"இத்தத்தானப்பா செப்டம்பர்ல கத்துனேன்! புக்க நீட்டுனேன்ல? வாங்கிப் பாத்தியா? கையில வாங்குனியா?"

சர்ச் முற்றத்தில் அப்பாவைப் பார்த்து இப்படிக் கத்துவேன் என்று நான் நினைத்ததே இல்லை. அவர் மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகி மூடினார். திருப்பிக் கத்தியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஜெயகரன் வந்து எட்டிப் பார்த்தார். "கண்ணாடிப் பொட்டி வாணாம்னு சொல்லிட்டேன். சர்ச்சுக்கே அவமானம். இந்தக் குப்பைய நீயே எடுத்துக்கினு போம்மா, இன்னா வேணா பண்ணிக்கோ" என்றார்.

ஆகக் கூடி, உயிரோடு இருந்தவரைக்கும் எங்களுக்கு இல்லை. செத்த பிறகு எங்களுக்கு. நல்ல நியாயம்.

20 பிப்ரவரி

காலையில் ஹாலுக்குப் போனால் முற்றத்தில் பேனல் வெயிலைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு. லேப்டாப் திறந்து, நீல வெளிச்சத்தோடு.

கீழே ஒரு பெரிய கறுப்பு பேட்டரி. எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. கிளமெண்ட் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். கிளமெண்ட் எங்கள் சர்ச்சின் சவ வண்டி டிரைவர்.

"அக்கா, நான் ஒண்ணும் பண்லக்கா. உங்கப்பாதான் காலைல வந்து வண்டிலருந்து கயட்டினாரு. கமிட்டில கேட்டாங்களான்னு கேட்டேன். வாய மூடுறான்னாரு."

கமிட்டி இல்லை, தீர்மானம் இல்லை, ஜெபம் இல்லை. ஆபிரகாம் மேஸ்திரியா இது?

பேனலைச் சாய்த்து நிறுத்த ஏதோ வெள்ளைக் கல் முட்டுக் கொடுத்திருந்தது. குனிந்து பார்த்தேன். பிரதிஷ்டைக் கல். எழுத்து இருக்கிற பக்கம் மண்ணைப் பார்த்துக் கிடந்தது.

21 பிப்ரவரி

புதுத் தொல்லை. வெளியே வைத்தால் வெயிலில் லேப்டாப் திரையில் ஒன்றுமே தெரியவில்லை, நம் மூஞ்சிதான் தெரிகிறது. ஹாலுக்குள் வைக்க ஒயர் எட்டவில்லை. லவினாதான் ஓடிப் போய் வெல்வெட் உறையைக் கொண்டு வந்தாள். இரண்டு நாற்காலி முதுகில் கட்டி, அதற்குள் தலையை விட்டு உட்கார்ந்து அடிக்கிறார்கள். உள்ளே ஒருத்தி, வெளியே ஐந்து பேர் வரிசையில். முன் காலத்து போட்டோக்காரன் மாதிரி இருக்கிறது.

அம்மா வந்து பார்த்தாள். தங்க லேஸ் புழுதியில் புரண்டு கிடக்கிறது, அழப் போகிறாள் என்று நினைத்தேன். சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு முழம் சேத்து வெட்டியிருந்தா ரெண்டு பேரு ஒக்காரலாம்" என்றாள்.

22 பிப்ரவரி

டைப்ரைட்டர் புத்தி போகவில்லை. வரி முடிந்ததும் எல்லாருக்கும் இடது கை தானாக மேலே போகிறது, உருளையைத் தள்ள. பல்லவி இன்று லேப்டாப் மூடியையே அறைந்துவிட்டாள். தப்பாக அடித்த எழுத்தை அழிக்கலாம், காகிதம் கெடாது என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். "நிஜமாவா மிஸ்? அப்போ தப்பு பண்ணா யாருக்குமே தெரியாதா?" தெரியாதடி. அதற்குத்தான் எல்லாரும் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள்.

மத்தியானச் சங்கு ஊதினதும் அப்பா ஷிப்ட் முடித்து வருகிறார். வெயில் போகிற பக்கம் பேனலைத் திருப்பி வைக்கிறார். ஈரத்துணியால் துடைக்கிறார். தங்கம் எடுத்தபின் கொட்டிய சயனைடு மேட்டுப் புழுதி காற்றில் பறந்து வந்து வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. துடைத்துவிட்டுப் போய்த் தூரத்தில் உட்காருகிறார். நான் அவரோடு பேசுவதில்லை. பேனலைத் திருப்பினால் ஆயிற்றா? ஏழு மாதம்! ஏழு மாதம் படித்திருப்பார்களே!

26 பிப்ரவரி

எபினேசர் ஐயா நேற்று தவறிவிட்டார். வயசாளி, சுரங்கத்தில் பாறை துளைத்த பழைய டிரில்லர். வீட்டிலிருந்து கல்லறைக்கு சவ வண்டி வேண்டும். வண்டியில் பேட்டரி இல்லை.

ஜெயகரன் எங்கள் முற்றத்துக்கே வந்து குதித்தார். "பொணத்த இன்னா தலைல வெச்சிக்கினு போறதா? யாரக் கேட்டு கயட்டுன? நீ செக்ரட்டரியா, திருடனா?" பெண்கள் பயந்து எழுந்து நின்றார்கள். வெல்வெட்டுக்குள் இருந்த லவினா மட்டும் ஒன்றும் தெரியாமல் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா எழுந்து வந்தார். பேட்டரியைக் கழற்றிக் கொடுத்துவிடுவார் என்றே நினைத்தேன். எத்தனை கமிட்டியில் அவர் பணிந்து போய்ப் பார்த்திருக்கிறேன்.

"செத்தவருக்கு அவசரம் இல்ல ஜெயகரா. இதுங்களுக்கு அஞ்சாந் தேதி பரீட்ச. டீசல் வண்டி, தள்ளுனா ஸ்டார்ட் ஆவும். வா, தள்ளலாம்."

தள்ளினார்கள். எபினேசர் ஐயா வீட்டுச் சரிவில் அப்பா, கிளமெண்ட், வெள்ளைச் சட்டையோடு ஜெயகரன், இன்னும் எட்டுப் பத்துப் பேர். முதல் தரம் குலுங்கி நின்றது. எல்லாருக்கும் உயிர் போய்விட்டது. இரண்டாம் தரம் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. துக்க வீட்டில் எப்படி முகத்தைக் காட்டுவது என்று நான் நின்றேன். அவர் சம்சாரம் ரோஸ்லின் அம்மா அழுதுகொண்டே சொன்னார், "உசுரோட இருக்கும்போதும் தள்ளித்தான் அனுப்பணும் இவர வேலைக்கு." அழுகையும் சிரிப்புமாகப் போய்ச் சேர்ந்தோம்.

28 பிப்ரவரி

மைன்ஸ் கடைசி நாள். அப்பா எல்லா லேம்ப்பையும் ரேக்கில் மாட்டிவிட்டு வந்தாராம். சாப்பிடவில்லை. இன்று மட்டும் நானே பேனலைத் துடைத்தேன்.

4 மார்ச், ஞாயிறு

ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. அப்பாவை செக்ரட்டரி பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். சர்ச் சொத்தை அனுமதியில்லாமல் எடுத்ததற்காக. ஜெயகரன்தான் இனி செக்ரட்டரி. அப்பா வீட்டுக்கு வந்து இடுப்புச் சாவிக்கொத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினார், "நாளைக்கு யாராச்சும் வந்து வாங்கிக்குவாங்க" என்றார். நியாயமாக எனக்கு வருத்தம் வர வேண்டும். வரவில்லை. ஆகஸ்டில் கழற்றியிருக்கலாமே என்றுதான் தோன்றியது. இவ்வளவு கெட்டவளா நான்?

ஒன்று மட்டும் மனதை அரிக்கிறது. பதினெட்டாம் தேதி அந்தப் பேட்டரி வேலை செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கைதட்டி, கண்ணாடிப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருப்பார்கள். அப்பாதான் பூட்டியிருப்பார். அது சாகாமல் இருந்திருந்தால் என் பெண்களுக்குக் கிடைத்திருக்காது. இதற்கு யாரைத் திட்டுவது?

5 மார்ச்

விடியற்காலை ரயிலில் ஆறு பேரையும் ஏற்றிவிட்டு வந்தேன். கூடப் போக மனசு அடித்துக்கொண்டது. மூன்று தடவை சொன்னேன், கையை மேலே தூக்காதீர்கள் என்று.

பேட்டரியை அப்பா சவ வண்டியில் திரும்ப மாட்டிவிட்டார். வண்டிக்கு வேலையில்லாத நாளில் கிளாஸுக்குக் கழற்றித் தருகிறேன் என்றான் கிளமெண்ட்.

21 மார்ச்

நாலு பேர்! பல்லவி, லவினா, இன்னும் இருவர். ஏப்ரல் முதல் வாரம் சேர வேண்டும். பல்லவியின் அப்பா என் முன்னால் நின்று தலைப்பாகையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்.

கிடைக்காத இரண்டு பேரும் ஹாலுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நேரம் போதவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளும் போதவில்லை, அவ்வளவுதான். ஏழு மாதம் பூட்டி வைத்ததை இந்த இரண்டு பேர் கணக்கில் எழுத வேண்டும். கமிட்டியில் யாராவது வந்து இவர்கள் முகத்தைப் பார்க்கட்டும்.

25 மார்ச்

புது செக்ரட்டரி வந்தார். நாலு பேருக்கு வேலை கிடைத்த சங்கதி பிஷப் வரை போய்விட்டதாம். அதனால் மறுபடி ஒரு பிரதிஷ்டை, இந்தத் தரம் முறையாக. சாமான்களை வெஸ்ட்ரிக்கு ஒப்படைக்க வேண்டுமாம். "கல்லு எங்க?" என்று தேடினார்.

நான் வாயைத் திறக்கும் முன் அப்பா பேனலின் கீழே கையைக் காட்டினார். "அதோ கீது. அத்த எடுத்தா பேனல் சாஞ்சிடும். சாஞ்சா கிளாஸு நின்னுடும். கிளாஸ நிறுத்துனது யாருன்னு பிஷப்பு கேட்டா நீயே சொல்லிக்கோ."

ஜெயகரன் கல்லைப் பார்த்தார். சாய்ந்து நின்ற பேனலைப் பார்த்தார். தன் பெயர் மண்ணுக்குள் இருப்பதையும் பார்த்திருப்பார். போய்விட்டார்.

அப்பாவுக்கு முன்னால் நான் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சிரித்தேன்.

7 ஏப்ரல்

மைன்ஸ் கணக்கைத் தீர்த்துக் கொடுத்ததும் அப்பா முதல் வேலையாக ஒரு புது பேட்டரி வாங்கி வந்தார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சைக்கிள் கேரியரில் கட்டி, ராபர்ட்சன்பேட்டையிலிருந்து தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். போன மாதம் தேறாத இரண்டு பேரோடு புதிதாக ஒன்பது பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள், வெல்வெட்டுக்கு வெளியே வரிசை நீளமாகிவிட்டது. அம்மா அதே நிறத்தில் இன்னொரு துண்டு துணி தேடிக்கொண்டிருக்கிறாள்.

எனக்குக் கோபம் போகவில்லை. போகும் என்று தோன்றவும் இல்லை. வேண்டிய வார்த்தை மட்டும்தான் அவரோடு பேசுகிறேன்.

சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. கையில் புது பேட்டரியோடு வந்த சின்னப் புத்தகம். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஐடா. இத்தக் கொஞ்சம் படிச்சிக் காட்டும்மா. மாசத்துக்கு ஒரு வாட்டியா, ரெண்டு வாட்டியான்னு."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். அவர் படியில் உட்கார்ந்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன். கொஞ்சம் சத்தமாகவே.